காயாத வடகத்துக்கு விலை

2008 ஏப்ரல் 22, செவ்வாய்.
இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வடகம் விற்கத் தயார் செய்யும் இணையக் கடையில் 'எடை' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. அதனால் 'ஒரு கிலோ' என்று போட்டு, ஒரு விலையும் போட்டுவிட்டேன். கலைவாணி அக்காவைக் கேட்கவில்லை. பெரிய விஷயமில்லை.

தீபலட்சுமி பேனாவை மூடப் போனவள், கடைசி வரியை மறுபடி படித்தாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. 'என்று நினைக்கிறேன்' என்பதையும் சேர்த்துவிட்டுத்தான் படுக்கப் போனாள்.

பகலில் அவளுக்கு நெல்லித்தோப்பில் கலைவாணியிடம் வேலை, மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு, வீடு சாரம் பகுதியில். கலைவாணி செய்து விற்பது தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு எல்லாவற்றையும் இடித்து உருட்டி, மொட்டைமாடியில் நாள் கணக்காகக் காயவைப்பது. கோடை வந்தால் அந்தத் தெருவில் நுழைகிறவர்களுக்கு வீட்டு எண் தேவையில்லை, மூக்கே வழிகாட்டும். கணவர் ராஜவேல் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு வடகத்தை சைக்கிளில் கட்டி விற்றவர், இப்போது பொட்டலம் கட்டுகிறார்.

பிரான்சில் குடியேறிய ஊர்க்காரர்கள் வருஷம் தவறாமல் கேட்பார்கள். பணம் யாராவது ஊருக்கு வரும்போது கைமாறி வந்து சேரும். சில சமயம் அடுத்த வடகம் காய்ந்த பிறகுதான் வரும். இந்தக் கோடையிலாவது கார்டு மூலம் பணம் வாங்க வேண்டும் என்று கலைவாணி சொல்லிவிட்டாள். எந்த நிறுவனம் மூலம் வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு தீபலட்சுமியின் தலையில் விழுந்தது.

அவள் மூன்று நிறுவனங்களை எடுத்துக்கொண்டு அட்டவணை போட்டாள். ஒரு வங்கி, சென்னையில் ஒரு நிறுவனம், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று. வங்கி கேட்ட காகிதங்களைப் பார்த்தே ராஜவேல் கும்பிடு போட்டுவிட்டார். சென்னை நிறுவனம் பிடிக்கும் கமிஷன்தான் குறைவு. ஆனால் சேரும்போதே ஒரு தொகை கட்ட வேண்டும், கட்டினால் திரும்ப வராது. வகுப்பில் இந்த அட்டவணையைக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். சென்னைதான் என்று முடிவாயிற்று. வடகம் காயவைக்கும் வலைத்தட்டுகள் புதிதாக வாங்கக் கலைவாணி சேர்த்து வைத்திருந்த பணத்துக்கு வியாழக்கிழமை வங்கியில் டி.டி. எடுத்து அனுப்புவதாக ஏற்பாடு. அந்தப் பணம் தன் பேச்சை நம்பிப் போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் தீபலட்சுமி கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள்.

அதனால்தான் புதன்கிழமை மதியம் கடைசியாக ஒரு சோதனை வைத்தாள். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் அமிர்தவல்லி, கலைவாணியின் மிகப் பழைய வாடிக்கைக்காரி. அவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் சென்னை நிறுவனத்தின் சோதனைப் பக்கத்தைத் திறந்து, வழியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். மொட்டைமாடியில் கவிழ்த்த கூடையின் மேல் செல்போன் ஸ்பீக்கரில் கிடந்தது.

"அலோ! பொன்ழூர் கலைவாணி! வெயிலு எப்படி?" பிரெஞ்சு வணக்கத்தோடு ஆரம்பித்தார் அமிர்தவல்லி.

"மண்டையப் பொளக்குது. நீங்க அங்க கோட்டு மாட்டிக்கிட்டு இருப்பீங்க."

"வடகம் படம் தெரியுது. யாரு எடுத்தது? கோலிகுண்டாட்டம் இருக்குது."

படம் எடுத்த ராஜவேல் அவசரமாகப் பொட்டலம் கட்டத் தொடங்கினார்.

"கீழ பட்டன் இருக்கும்மா, அதை அழுத்துங்க" என்றாள் தீபலட்சுமி.

"அழுத்திட்டேன். கார்த் புளூ நம்பரு கேக்குது."

"அதான் கார்டு நம்பரு. போட்டுட்டு, கடைசிப் பட்டனையும் அழுத்துங்க. இது சோதனைதான், காசு போவாது."

அமிர்தவல்லி பக்கத்தை வாய்விட்டுப் படிப்பது போனில் கேட்டது. பிறகு, "மாட்டேன்" என்று வந்தது.

"பயப்படாதீங்கம்மா..."

"பயமா? உனக்குப் பல்லு முளைக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து கார்டு வச்சிருக்கேன்டி நான். கலைவாணி, என் வடகம் காய்ஞ்சிடுச்சா?"

"எங்க? இன்னிக்குத்தான் ரெண்டாவது வாட்டி உருட்டுறேன்."

"பின்ன எப்படி விலை போட்ட? ஒரு கிலோன்னு வேற இருக்குது. நான் ஒரு கூடைதானே சொன்னேன்?"

கலைவாணி உருண்டையும் கையுமாக எழுந்துவிட்டாள். "காயறதுக்கு முன்னாடி காசா? நானா கேட்டேன்? தீபா, என்னாடி இது?"

தீபலட்சுமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த வீட்டில் வடகத்தை யாரும் கிலோவில் கேட்பதில்லை. ஒரு கூடை வெங்காயத்துக்கு, அரைக் கூடை வெங்காயத்துக்கு என்றுதான் சொல்வார்கள். வெங்காயத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பது காய்ந்த பிறகுதான் தெரியும். காய்ந்ததும் எடை, எடைக்குத் தகுந்த விலை, அப்புறம் பணம். போன கோடையில் திடீர் மழையில் இரண்டு தட்டு ஊறிக் குப்பைக்குப் போனது. யார் பணமும் கையில் இல்லாததால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதெல்லாம் தீபலட்சுமிக்குத் தெரியாததா? எடை போடுகிறவளே அவள்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"அப்ப சென்னைக்காரனுக்கு டி.டி.?" என்றார் ராஜவேல்.

"இருங்கண்ணே. சரியா பாத்துட்டுச் சொல்றேன்."

சென்னை நிறுவனத்தில் விலை போடாமல் விற்க வழியில்லை. பையிலிருந்து அட்டவணையை எடுத்தாள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எதிரே சிவப்பு மையில் அவளே எழுதியிருந்ததை மெல்லிய குரலில் படித்தாள்: "குறை: ஆர்டர் வந்ததும் பணம் வாங்காமல், நாம் பிறகு ஈ-மெயிலில் பில் அனுப்பினால்தான் வாங்கும். இரட்டை வேலை."

"இதுல என்னா குறை?" என்றாள் கலைவாணி.

"குறைன்னு நான்தாங்க்கா எழுதினேன்."

"என்னா நடக்குது அங்க?" என்று போன் கத்தியது. "என் போன் கார்டுல காசு தீரப் போவுது!"

தீபலட்சுமி விளக்கினாள்.

"காய்ஞ்சப்புறம் பில்லு வரும், நான் அழுத்தினா காசு வந்துடும். அவ்ளோதானே? வுய், வுய், அதேதான். இத மொதல்லயே செய்யறதுக்கு என்னா?"

"சேரக் காசு கிடையாதுக்கா. ஆனா ஒவ்வொரு வாட்டியும் கமிஷன் ஜாஸ்தி பிடிப்பான். அதையும் சொல்லிடறேன்."

கலைவாணி அண்ணாந்து பார்த்தாள். "மழை பேஞ்சி வடகம் கெட்டுப்போனா?"

"பில்லே அனுப்ப மாட்டோமே. ஒண்ணும் பிடிக்க மாட்டான்."

"அப்ப அவனும் நம்ம கூடச் சேந்து வானத்தப் பாத்துக்கிட்டு கெடப்பான். அவனே இருக்கட்டும்."

"சென்னைக்காரன் வெப் பக்கத்துல மின்னி மின்னி எரியற படம் அழகா இருந்துச்சி" என்றார் ராஜவேல், ஏக்கத்தோடு.

"நீங்க எடுத்த கோலிகுண்ட மின்ன வைங்க. போங்க, வலைத்தட்டு என்னா விலைன்னு கேட்டுட்டு வாங்க."

அமிர்தவல்லி சிரித்த சிரிப்பில் கூடை மேலிருந்த செல்போன் நகர்ந்து வடகத்துக்குள் விழுந்தது.

அன்று மாலை வகுப்பில் தீபலட்சுமி தானாகவே எழுந்து, தன் அட்டவணை தப்பு என்றாள். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. ஆனால் வடகம் எங்கே கிடைக்கும் என்று நாலு பேர் கேட்டார்கள்.

2008 ஏப்ரல் 23, புதன்.
'ஒரு கிலோ' என்பதை அழித்துவிட்டேன். வெளிநாட்டு நிறுவனத்தில் அக்கா பெயரில் விண்ணப்பம் போட்டாயிற்று. அவர்கள் மூலம் நாம் அனுப்பும் பில்லில் எடையை நாமே நிரப்பலாம்; இரண்டு தடவை பார்த்துவிட்டேன். டி.டி. எடுக்கவில்லை.
நாளை காலை பத்து மணிக்குச் சென்னை நிறுவனத்துக்குப் போன் செய்து, நாங்கள் சேரவில்லை என்று சொல்ல வேண்டும்.