ஐந்து மணிப் பாட்டின் கடைசி மூச்சு

1982ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, மாலை ஐந்து மணிக்கு ஹமனோ ஊரில் எல்லோருக்கும் மூச்சு நின்றது. கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில் ஊராட்சியின் புதுப் பாட்டு ஒலித்து முடிந்ததும், இழுத்த மூச்சு உள்ளேயே தங்கிவிட்டது. ஏழு எண்ணும்வரை வெளியே வரவில்லை. பிறகு வந்தது. ஆளுக்கொரு தரம் இருமிவிட்டு, கணவாய் மீன் காயப்போட்ட கொடிகளை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஐந்து மணிக்குப் பாட்டுப் போட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைப்பது எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் உண்டு. இந்தப் பாட்டு மட்டும் சினிமாவிலிருந்து வந்தது. ஆமைமேல் ஏறிக் கடலடி அரண்மனைக்குப் போன மீனவனின் கதை எங்கள் விரிகுடாவில் நடந்ததுதான். வேறு மூன்று ஊர்க்காரர்களும் தங்களுடையது என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். டோக்கியோக்காரர்கள் அதைக் கார்ட்டூன் படமாக எடுத்தபோது, இசையமைத்த குராமித்சு இகுஎ என்ற பெண் ஒரு கோடைக்காலம் முழுக்க இங்கே விடுதியில் தங்கி, சிப்பி எடுக்க மூழ்கும் பெண்களின் சீழ்க்கையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே வந்ததும் அடைத்த மூச்சை அவர்கள் உதடு குவித்துச் சீழ்க்கையாக விடுவார்கள். எந்த வீட்டுக்காரி மேலே வந்தாள் என்பதைக் கரையிலிருந்தே சொல்லிவிடலாம். இகுஎவின் பாட்டு ஆமையோடு படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் அந்தச் சீழ்க்கையோடு மேலே வரும். மொத்தம் நாற்பத்து நான்கு நொடி. ஊராட்சி விதி நாற்பது. துணை அலுவலர் குவபரா நேர்மையான மனிதர், அதுதான் வந்த வினை. கடைசி நான்கு நொடி நாடாவைத் தன் கையாலேயே கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தார். தியேட்டரில் மீனவன் மேலே வருவதைக் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள், அதனால் அங்கே ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்குப் பாட்டு இறங்கியதோடு சரி.

நாளுக்கு ஓர் எண்ணிக்கை கூடியது. ஐந்து அடிக்கும் முன்பே பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள், பஸ் ஓட்டுபவர் ஓரம் கட்டினார். நாற்பதாம் நாள் டோஃபு கடை கெஞ்சோ கிழவர் நாற்பத்தாறு எண்ணும்வரை தாங்காமல் தொட்டியோரம் சரிந்தார், எழவேயில்லை. மறுநாள் பயந்துபோய் ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். ஐந்து மணிக்குப் பாட்டு கடலிலிருந்து கேட்டது. ஒசாக்காவுக்கு ஓடிப்போன இரண்டு குடும்பங்களுக்கு அங்கேயும் ஐந்து மணிக்கு மூச்சு நின்றது.

மூழ்கிப் பழகியவர்களுக்கு நாற்பதும் ஐம்பதும் பெரிதில்லை. ஆனால் சிப்பிக்காரி டொயோமேவின் மகள் ஃபூக்கி நான்கு மாதக் குழந்தை. டொயோமே அவளைத் தூக்கிக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குள் புகுந்தாள்.

"குவபரா சார், எங்க அந்தக் கத்திரிக்கோல்? என் பிள்ளை நேத்து கத்தரிக்கா நிறத்துக்குப் போயிட்டா. நாளைக்கு இன்னும் ஒண்ணு கூடும்!"

"விதிப்படி நாற்பது நொடிதான்மா..."

"உங்க விதியை இவ மூக்குல ஊதிக் காட்டுங்க, பாப்போம்!"

அன்றே இகுஎவுக்குத் தந்தி போனது. அவள் முழு நாடாவோடு வந்தாள். அதை ஒலிக்கவிட்டும் யாருக்கும் மூச்சு வரவில்லை, ஐம்பத்து மூன்று எண்ணினோம். இகுஎ அழுதேவிட்டாள்.

"என் தப்புதான் அக்கா. டோக்கியோல ஒரு பாடகி அடிச்ச சீழ்க்கை அது. அவ கடல்ல இறங்கினதே இல்ல."

"அதான் பாத்தேன்," என்றாள் டொயோமே. "குளிக்கிற தொட்டியிலேர்ந்து எழுந்தவ மாதிரி ஊதறாளே!"

அந்தப் பாட்டோடு கீழே போய் மேலே வந்தவள்தான் அதை முடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் மூன்று மணிக்குமேல் எங்கள் பெண்கள் இறங்குவதில்லை. அந்நேரம் அடியில், பார்க்கத் தன்னைப்போலவே இருக்கும் ஒருத்தி வந்து சிரித்தபடி சிப்பி நீட்டுவாள். வாங்கினவள் மேலே வருவதில்லை. தானே இறங்குவதாக டொயோமே சொன்னாள்.

"பைத்தியமாடி உனக்கு? புள்ளைய யாரு பாக்கறது?" என்று பக்கத்து வீட்டு சுகி கத்தினாள்.

"நீதான் பாக்கணும். இந்தா, பிடி."

மறுநாள் பாட்டு தொடங்கியதும் டொயோமே குதித்தாள். பாட்டு முடிந்தது, ஊர் மூச்சடைத்தது. சுகியின் மடியில் ஃபூக்கியின் உதடு கறுத்தது. முப்பத்தெட்டு எண்ணியபோது தண்ணீர் பிளந்து அந்தச் சீழ்க்கை கேட்டது. ஊரே ஒரேயடியாக மூச்சு விட்டதில் துறையிலிருந்த கொடிகள் படபடத்தன. குழந்தை வீறிட்டது. அப்படியொரு இனிய அழுகையை நாங்கள் கேட்டதில்லை. டொயோமே கரையேறி, பல் கிட்டிக்க, "இருந்தா. நீட்டினா. நான் வாங்கலை," என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் தினமும் இறங்கினாள். பனியிலும் புயலிலும், கணவனைத் தகனம் செய்த நாளிலும். அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் சுகி இறங்கி, நீட்டிய கையைக் கண்டு பாதியிலேயே திரும்பிவிட்டாள்; டொயோமே காய்ச்சலோடு குதிக்க வேண்டியிருந்தது. குவபரா ஓய்வு பெற்றார், இறந்தார். அடியில் இருப்பவளுக்கு மட்டும் வயதே ஆகவில்லை என்று டொயோமே சொல்வாள். ஃபூக்கி வளர்ந்து பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். ஐந்து மணிக்குத் துறையில் நின்று, எண்ணி, அம்மாவின் மேல் துண்டைப் போர்த்தி அழைத்துப்போவாள். முப்பத்தேழு வருஷம்.

டொயோமேவின் எழுபத்தோராம் வயதில் ஒரு நாள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. நூற்று நான்கில் சீழ்க்கை கேட்டது, எல்லோரும் மூச்சு விட்டோம். தண்ணீருக்கு மேலே யாரும் இல்லை. மூன்று நாள் படகுகள் தேடின. அந்த மூன்று நாளும் ஐந்து மணிப் பாட்டுக்குப் பிறகு சீழ்க்கை தவறாமல் வந்தது.

"டொயோமேதான், அப்படியே அவ குரல்!" என்று சுகி கும்பிட்டாள்.

"அம்மா இல்ல," என்றாள் ஃபூக்கி. "அம்மாவுக்கு முன்பல்லு போயி மூணு வருஷம் ஆச்சு. இது பல்லு இருக்கறவ அடிக்கிற சீழ்க்கை."

நான்காம் நாள் அந்த மூச்சு தனக்கு வேண்டாமென்று ஃபூக்கி இரண்டு கைகளாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு நின்றாள். சீழ்க்கை கேட்டது. விரலிடுக்கு வழியாக மூச்சு வந்துவிட்டது. கொண்டுவந்த துண்டை மடித்து எடுத்துக்கொண்டு, சோறு வைக்க நேரமாகிறதென்று வீட்டுக்குப் போனாள்.