தலைக்குத் தடவிய சாராயம்

பவுனம்மாள் பஞ்சைச் சீசாவில் நனைத்து உச்சியில் ஒற்றினாள். தலைத்தோல் சுர்ரென்று எரிந்தது. எரியட்டும், எரிகிற இடத்தில்தான் முளை விடுகிறது என்று அவளுக்கு நம்பிக்கை. சீசாவின் அடியில் கரிசலாங்கண்ணியும் வெட்டிவேரும் சம்சுச் சாராயத்தில் ஊறிக் கறுத்துக் கிடந்தன.

குளிர்காய்ச்சலில் பிழைத்து எழுந்தபோது உயிர் மிஞ்சியது, முடி மிஞ்சவில்லை. பிழைத்ததற்குப் பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுக்க வேண்டும் என்று கிடந்தாள். ஆனால் புருஷன் ரெங்கசாமி, "இந்தத் தலையோட எங்கூட வராத. மானம் போவும்" என்று சொல்லிவிட்டான். அவன் ரயில்வே பட்டறையில் வேலை செய்கிறவன், பிரிக்பீல்ட்ஸ் லயத்து வரிசை வீடுகளில் நாலு பேருக்குத் தெரிந்தவன்.

பக்கத்து வீட்டு இராஜம்மாதான் வழி சொன்னாள். "எண்ணெ வச்சா ஒனக்குச் சளி கட்டும். மூலிகைய சம்சுல ஊறப் போட்டுத் தேய்டி."

சம்சுவுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. ரெங்கசாமியின் சீசா வீட்டில் எப்போதும் இருக்கும். ஆற்றிலே போகிற தண்ணீர், ஐயா குடி அம்மா குடி என்று அதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டாள். அவன் கண்டுகொள்ளவே இல்லை. தானே சாராயமாக மணக்கிறவனுக்குப் பெண்டாட்டி தலையில் என்ன வாசம் தெரியும்? நெற்றியோரம் பூனை மயிர்போல முளைத்து வந்தது. தைப்பூசத்துக்குள் சீவி முடிந்துவிடலாம் என்று சந்தோஷப்பட்டாள்.

தைப்பூசக் காவடிக்கு ரெங்கசாமி மாலை போட்டான். குடியை நிறுத்தினான். நிறுத்திய சில நாளில் அவனுக்கு மூக்கு வந்துவிட்டது.

"என்னாடி நாத்தம் இது? குடிச்சியா?"

"ஐயோ, தலைக்குத் தடவுனதுங்க."

அவன் கேட்கவில்லை. வாசலுக்கு இழுத்து வந்து, லயமே பார்க்க, "ஊதுடி!" என்றான். அவள் ஊதினாள். மாலை போடும்வரை அவனோடு உட்கார்ந்து குடித்த கன்னையா குனிந்து முகர்ந்து பார்த்து, "வாயில ஒண்ணும் இல்லண்ணே" என்றான்.

"தலைல ஊத்துனா என்னா, வாயில ஊத்துனா என்னா? மாலை போட்ட வூட்டுல சாராயமா?" சாத்தான் வேதம் ஓதியது. கூட்டமும் தலையாட்டியது. பவுனம்மாள் இராஜம்மாவைப் பார்த்தாள். இராஜம்மா மெல்ல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடிபட்ட மாதிரி வலித்தது அதுதான்.

சீசா சாக்கடையில் கவிழ்ந்தது. "நீ ஆக்குனத நான் திங்க மாட்டேன். பத்துமலைக்கும் வராத" என்றான். முடி முளைத்த பிறகும் பால்குடம் அவளுக்கு இல்லை என்றாகிவிட்டது. தினமும் வெறும் தண்ணீரில் தலையை அலசினாள். வந்த முடி மறுபடியும் உதிரத் தொடங்கியது.

தைப்பூசத்தன்று லயமே காலியாகிவிட்டது. அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். காவடியை இறக்கிவிட்டு ரெங்கசாமி பொழுது சாயத் திரும்பினான். மாலையைக் கழற்றிய கையோடு சம்சுக் கடைக்குப் போயிருக்கிறான். நெற்றி முழுக்கத் திருநீறு, கால் நிற்கவில்லை. பாயில் விழுந்தவன், தண்ணீர் கொண்டுவந்தவளைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். அவள் தலையில் மூக்கைப் புதைத்தான்.

"தலை என்னாமா மணக்குதுடி இன்னிக்கி!"

மணந்தது அவன் மூச்சு. அவன் ஆசையாகத் தடவிக்கொண்டே தூங்கிப்போனான். அந்தக் கையை மெல்ல எடுத்துப் பாயில் வைத்தாள். விரலிடுக்கில் அவள் முடி சுற்றிக்கொண்டு வந்திருந்தது.