ஏரித் தண்ணீரும் என் வீட்டுக்காரரும்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னைத் திருவாலங்காடு ரயில் நிலையத்தில் மறந்துவிட்டுப் போய்விட்டார். சத்தியமாகத்தான் சொல்கிறேன். திருவள்ளூரில் சினிமா பார்க்கப் புறப்பட்டிருந்தோம். வேர்க்கடலை வாங்கி வருகிறேன் என்று போன மனிதர், கடலைக்காரரோடு ரேடியோ ரிப்பேர் பற்றிப் பேசிக்கொண்டே அவர் பின்னால் ரயிலேறிவிட்டார். பட்டுப்புடவையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக நான் நடைமேடையில் நின்றேன். திரும்புகிற ரயிலில் வந்து குதித்தவர், "செம்பா, கடலை இன்னும் சூடாதான் கீது, துன்னு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் அன்றைக்கே என்னிடம் அடி வாங்கியிருப்பார். அந்த அன்புசெல்வனை இப்போது நினைத்தாலும் மடியில் போட்டுக் கொஞ்சலாம் போலிருக்கிறது.

என் மாமனார் ராஜமாணிக்கத்திடம் அந்தச் சிரிப்பெல்லாம் செல்லாது. எங்கள் ஊரில் ஏரித் தண்ணீர் வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும். நம் முறை வந்தால் மடையைத் திறந்து, வயல் நிறைந்ததும் அடைத்து, அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுக்க வேண்டும். தண்ணீரை வீணாக்கிய வீட்டுக்கு அந்தப் போகம் முழுக்க மறுமுறை கிடையாது. அந்த வருஷம் ஏரியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. மாமனார் காய்ச்சலில் படுத்திருந்ததால் இவரை அனுப்பினார். இவரும் ஒழுங்காகத்தான் மடையைத் திறந்தார். பக்கத்துக் கொல்லையில் யாருடைய பம்புசெட்டோ மக்கர் செய்தது. இவர் அதைப் போய்ப் பிரித்து, மாட்டி, ஓடவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தார். அதற்குள் எங்கள் வரப்பு உடைந்து, தண்ணீரெல்லாம் ஓடையில் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் ஊர்க்கூட்டத்தில் மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகட்டி நின்றார். "இவன் மனுசனே இல்ல. இனிமே என் நெலத்துல இவன் கால் வெச்சா நான் உசுரோட இருக்கமாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சின்னப் பிள்ளைகள்கூட இவரை 'மடை' என்று கூப்பிட்டன. அந்த மாதமே சாமான்களைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டோம்.

சிப்காட் ஓரத்தில் ஒற்றை அறை. கொடியில் காயும் துணியில் சாயங்காலத்துக்குள் கரி படிந்துவிடும். ஆனாலும் அது நல்ல காலம்தான். தெருவில் எந்த வீட்டு மிக்ஸி நின்றாலும் இவரைத்தான் தேடுவார்கள். கம்பெனியிலும் அப்படியே. நின்ற மிஷினிடம் விட்டால் இவர் ராஜா. ஓடும் மிஷினைப் பார்த்துக்கொள் என்றால் தொலைந்தார்! எத்தனை கம்பெனி கேட்டுக்குள் போனாரோ, அத்தனை கேட்டிலிருந்தும் வெளியே வந்தார்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு கம்பெனியில், இந்த ஆள் குடிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டுச் சென்னைக்கு மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் சாராள் இவரிடம் பள்ளிக்கூட நாளிலிருந்து எல்லாம் கேட்டார். என்னிடம் தனியாகக் கேட்டார். நான் ரயில் நிலையக் கதையில் தொடங்கி ஒன்று விடாமல் கொட்டினேன்.

"இதுக்கு ஏ.டி.எச்.டி.ன்னு பேரும்மா. சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கு. கவனத்த ஒரு இடத்துல நிறுத்தி வைக்க அவரால முடியல. சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல."

நாற்பத்தைந்து வயது மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். "அப்போ நான் வேணும்னு பண்ணலியா டாக்டர்?" என்று கேட்டார். அட கடவுளே, இத்தனை வருஷம் இதையா மனசில் வைத்துக்கொண்டு திரிந்தார்!

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் நேரே திருவாலங்காட்டுக்குத்தான் பாய்ந்தது. "தப்பா பேசிட்டேன்டா" என்று கிழவர் இவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வாசலை இனி மிதிப்பதில்லை, சாவுக்குக்கூடப் போவதில்லை என்று முடிவு கட்டினேன். "வேணாம் செம்பா, பேஜாரா பூடும்" என்று இவர் ரயிலில் வழியெல்லாம் கெஞ்சினார். நான் காதில் வாங்கவில்லை.

மாமனார் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் நின்றபடியே சொன்னேன்.

"மடையத் தெறந்துட்டு மறக்கறதுக்குப் பேரு வியாதியா?" என்றார்.

"ஆமா, அதுக்கும் பேரு கீது! அது தெரியாமதான் பெத்த புள்ளைய ஊருக்கு முன்னால மனுசனே இல்லன்னீங்க. இப்ப சொல்லுங்க, யாரு தப்பு?"

கிழவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் மெல்லக் கால்களை நீட்டினார். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்து வந்து வெந்துபோயிருந்த கால்கள்.

"தண்ணி கட்டறப்ப நான் வரப்புல ஏறி நின்னு நீ எப்பனா பாத்துகீறியாடா?" என்று மகனிடம் கேட்டார்.

இவர் இல்லை என்று தலையாட்டினார்.

"ஏறமாட்டேன். கால் தண்ணியில இருந்தாதான் எனக்குத் தண்ணி ஞாபகமே இருக்கும். மேல ஏறினா ஒரு கொக்கு பறந்தா போதும், நானும் அது பின்னாலயே பூடுவேன். எங்கப்பன் மாட்டுக் கயித்தால அடிச்சி அடிச்சிப் பழக்கினான். உன்னை அடிக்க எனக்கு மனசு வரல. எனக்கு இருக்கிறது உனக்கும் இருக்குதேன்னு பயம்டா. அந்தப் பயத்துல வாயி இன்னான்னாவோ பேசிடுச்சி. தப்புதான்."

இவர் போய் அவர் காலடியில் உட்கார்ந்தார்.

"அந்த டாக்டரம்மா என்னை மாதிரி கெழவனையும் பாப்பாங்களா?"

"பாப்பாங்க நைனா. அடுத்த வாரமே நான் கூட்டினு போறேன்."

"மறந்துட மாட்டியே?"

அப்பனும் பிள்ளையும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சண்டை போட வந்தவள் நான், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரையும் நான்தான் கூட்டினு போவணும். வேற யாரு கீறாங்க?" என்றேன்.