மூடி செய்தவர் பெயர்

அப்போது கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: பிளாஸ்டிக் பட்டறை முதலாளியான பெரியவர், விரல்கள் மடங்கிப்போன அவர் மனைவி, பட்டறையின் வரவு செலவைக் கவனிக்கும் சின்ன மகன், காப்புரிமை வாங்கித் தரும் முகவர்; சமையலறை வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், மூத்த மருமகள். அவளுடைய கணவனும் இருந்தான். சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள்.

மேஜை நடுவில் ஒரு மாத்திரைப் புட்டி. அதன் மூடிக்காகத்தான் இந்தக் கூட்டம். மூடியின் இரண்டு ஓரத்தையும் உள்ளங்கையால் ஒருசேர அமுக்கிச் சற்றே திருப்பினால் திறந்துகொள்ளும். குழந்தையின் கை அந்த அகலத்துக்கு எட்டாது. முடக்குவாதக்காரர்களுக்கோ விரலே தேவையில்லை. கடல் கடந்த மருந்து கம்பெனி ஒன்று அதைக் கேட்டிருந்தது.

"இங்க வாங்குற காப்புரிமை இந்த நாட்டோட சரிங்கய்யா. அந்த நாட்டுல தனியா வாங்கணும்" என்றார் முகவர். "இங்க விண்ணப்பம் போட்டு ஒரு வருஷத்துக்குள்ள அங்கயும் போட்டுட்டா, நம்ம முதல் தேதியையே அவங்களும் எடுத்துக்குவாங்க. அதுக்கப்புறம் யார் இதே மாதிரி மூடியோட வந்தாலும் நாமதான் முந்தி. அந்த ஊர் வக்கீல் தயாரா இருக்கார். வரைபடம் எல்லாம் போயாச்சு."

"அப்புறம் என்ன தாமசம்?"

"கண்டுபிடிச்சவர் உறுதிமொழியில கையெழுத்துப் போடணும். நீங்க பெரிய தம்பி பேரைக் கொடுத்திருக்கீங்க. அவர் இல்லாததால வாரிசு போடலாம்." முகவர் வாசல் பக்கம் திரும்பினார். "அம்மா, இதைக் கண்டுபிடிச்சது உங்க வீட்டுக்காரர்தான்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

மருமகள் வாசலிலேயே நின்றாள்.

பெரியவர் புட்டியைப் பார்த்தார். மகன் போனபின் அவளைப் பட்டறைப் பக்கமே வரக்கூடாது என்று சொன்னவர் அவர்தான். புருஷனை இழந்தவள் ஆம்பளைகள் நடுவில் நின்றால் குடும்பத்தை என்ன பேசுவார்கள்? அவளும் வாதாடவில்லை. சமையல் மேடையில் மெழுகை உருக்கி ஊற்றினாள், சைக்கிள் டியூபை வெட்டி வளையம் செய்தாள், மாமியார் கையில் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். மூடி சரியாக வந்த அன்று பெரியவர் அவளிடம், "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். மறுவாரம் விண்ணப்பத்தில் செத்துப்போன மகனின் பெயரை எழுதிக் கொடுத்தார். அவன் பெயர் நிலைக்கட்டுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அவள் தட்டு வைக்கும்போதெல்லாம் அவர் பார்வை சோற்றைவிட்டு மேலே ஏறியதில்லை.

"போடும்மா. பேருக்கு ஒரு கையெழுத்து" என்றார், சுவரைப் பார்த்தபடி.

"பேருக்குன்னா அந்தப் பேர் யாருதுன்னு இருக்கில்ல மாமா?"

"அண்ணி, நேரம் போயிட்டிருக்கு" என்று சின்னவன் குறுக்கிட்டான். "ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாமே? அண்ணன் பேர் முதல்ல, உங்க பேர் பின்னால."

"எதுக்குத் தம்பி ரெண்டு பேரு?" முகவர் நிமிர்ந்தார். "செய்யாதவங்க பேரைச் சேர்க்கவே கூடாது. ஐயா, இது அவருக்கு எப்போ தோணுச்சு?"

பதில் சொன்னது பெரியவரின் மனைவி.

"என் விரல் மடங்கினதே அவன் போனதுக்கு அப்புறந்தான். மடங்காத விரலுக்கு அவன் எதுக்கு மூடி செய்யப் போறான்?"

"நீ வாயை மூடு!"

"மூடியாச்சு, இத்தனை நாளா. இவ செஞ்ச மூடி திறக்குது, என் வாய்தான் திறக்கல."

முகவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டார். "ஐயா, அந்த நாட்டுல இது சத்தியப் பிரமாணம் மாதிரி. பொய்னு தெரிஞ்சா காப்புரிமையும் போச்சு, கையெழுத்துப் போட்டவங்க மேல வழக்கும் வரும். மாட்டிக்கிறது நீங்க இல்ல, இவங்க."

பெரியவருக்கு அப்போதுதான் உறைத்தது. பெயரைப் பறித்தது போதாதென்று, பறித்ததற்கு அவளையே சாட்சியாக நிறுத்தியிருக்கிறோம்; தண்டனை வந்தாலும் அவளுக்கே வரும்படி. கௌரவம் என்று இத்தனை நாள் தூக்கிச் சுமந்தது இதைத்தானா?

மருமகள் வாசலைத் தாண்டி வந்து மேஜையருகே நின்றாள். வெளியாள் முன்னால் அவள் கூடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

"அவர் உயிரோட இருந்தா இந்தப் பொய்க்குச் சம்மதிச்சிருக்க மாட்டார் மாமா. செத்தவர் தலையில கட்டிட்டு, அதுக்குப் பொண்டாட்டியா நான் கையெழுத்துப் போட மாட்டேன். செஞ்சவளாப் போடச் சொல்லுங்க, போடுறேன். இல்லைன்னா மூடி நம்ம வீட்டோட இருக்கட்டும். அத்தைக்கு ஆகுது, அது போதும்."

கம்பெனிக்காரன் காத்திருக்கமாட்டான். பட்டறை ஆட்களுக்கு இந்த ஆர்டரை நம்பித்தான் வேலை. ஆனால் பெரியவர் வாயைத் திறக்க அதுமட்டும் காரணமில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவரால் மறுக்க முடியவில்லை.

"இங்க போட்டதையும் திருத்த முடியுமா?" என்றார்.

"முடியும். பேரை ஏன் மாத்துறோம்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்."

"காகிதம் எடுறா" என்றார் சின்னவனிடம். எழுத ஆரம்பித்தார். மருமகள் மேஜை ஆடாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை; கேட்கத் தெரியவில்லை.

அந்த நாட்டுக் காப்புரிமை அவள் பெயருக்குக் கிடைத்த சேதி தெருவுக்கும் எட்டியது. பெரியவர் சவரம் செய்துகொள்ளப் போனபோது முடிதிருத்துபவர் கன்னத்தில் நுரையைத் தேய்த்துக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க முதலாளி. பெரிய தம்பி கண்டுபிடிச்சதை மருமக தன் பேருக்கு மாத்திக்கிட்டாங்கன்னு தெருவே பேசுது. உங்களை மிரட்டி எழுதி வாங்கினாங்களாமே? அடுப்படியில இருக்கறவங்களுக்கு வெளிநாடு கேக்குதா?"

"யார் சொன்னது?"

"பெரிய தம்பி செஞ்சதுன்னு நீங்களேதானே சொன்னீங்க? இதே நாற்காலியில உக்காந்து?"

பெரியவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். பாதி நுரை, பாதி அவர். கடையில் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் கத்தியை விலக்கச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என் மகன் மூடி எதுவும் செய்யல. செஞ்சது என் மருமக. அவ யாரையும் மிரட்டல. திருடினது நான்."