கைப்பிடிக்குக் கீழே நாலு கோடு

அக்கா மூன்றாவது முறையாக விழுந்திருந்தாள். முதல் முறை மாடிப்படி, அடுத்தது சமையலறை வாசல், இந்தத் தடவை குளியலறை. ஒரு மனுஷி தன் சொந்த வீட்டுக்குள்ளேயே இத்தனை தரம் விழுவாளா என்று கேட்டால், "எனக்குக் கண்ணு எங்க தரையில இருக்கு?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் சின்னவளுக்கு ஒரு கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல் இருக்கும். யார் கழுத்து என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அக்கா வாய் திறக்காமல் யாரும் ஒன்றும் செய்ய முடியாதே! கட்டுப் போட்ட டாக்டர் கேட்டுப் பார்த்தார். போன தடவை போலீஸ்காரம்மா கூடக் கேட்டுப் பார்த்தாள். "வழுக்கிடுச்சு" என்பதைத் தவிர அக்காவிடமிருந்து ஒரு சொல் பெயரவில்லை.

சின்னவள் கார்களுக்கு மெழுகு போட்டுப் பிழைக்கிறவள். பெரிய சாலையை ஒட்டி, ஒரே ஒரு வண்டி நிற்கக்கூடிய தகரக் கொட்டகை அவளுடையது. அன்று காலை அக்கா புருஷன் தன் கறுப்புக் காரை அதற்குள் கொண்டுவந்து நிறுத்தினான். வாய்க்கு வாய் அத்தான் என்று கூப்பிட்டாலும், மனசுக்குள் அவனை 'அவர்' என்று நினைக்க அவளால் முடிந்ததில்லை. நாமும் அவன் என்றே சொல்லிக்கொள்வோம். பக்கத்து சீட்டிலிருந்து அக்கா இறங்கினாள். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. நுனியில் விரல்கள் மட்டும் வீங்கி, நீலம் பாரித்து வெளியே தெரிந்தன.

"என்ன மச்சினிச்சி, மழை வரப்போகுது. ஒரு வருஷம் நிக்கிற மாதிரி நல்ல மெழுகாப் போடு. முகம் பாத்து தலை சீவுற மாதிரி இருக்கணும்."

"சீவறதுக்கு உங்க தலையில என்ன அத்தான் இருக்கு?"

அவன் கொட்டகை அதிரச் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அவன் சிரித்து முடித்ததும் கை எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்புறம், அந்தப் பக்கக் கதவுல நாய் பிறாண்டி வெச்சிருக்கு. அது கண்ணுல படக்கூடாது," என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அக்கா கார் கழுவுகிற தண்ணீர்த் துப்பாக்கி மெஷின் பக்கத்தில் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டாள். அவன் உட்காரச் சொல்லவில்லை.

சின்னவள் வண்டியைக் கழுவினாள், துடைத்தாள். மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவிப் பார்த்தாள். வெறுங்கைக்குப் பிடிபடாத சொரசொரப்பு அந்தப் பைக்குள் நன்றாகத் தெரியும். பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுக் கதவுக்கு வந்ததும் விளக்கு பிடித்த கை அங்கேயே நின்றுவிட்டது.

அங்கே நாலு கோடுகள் இருந்தன. உள்ளே விரல் விட்டுத் தூக்கித் திறக்கிற கைப்பிடி அது. அந்தக் குழிக்குள் ஆரம்பித்து, பின்கதவு வரைக்கும் நீளமாக ஓடிக் கீழே சரிந்திருந்தன. எந்த நாய் இந்த உயரத்தில் கதவைத் திறக்கப் பார்க்கும்? மூன்று கோடுகள் நகத்தின் மெல்லிய கீறல்கள். மோதிர விரலின் கோடு மட்டும் பெயின்ட்டை உழுதுகொண்டு போய், அடியிலிருந்த சாம்பல் பூச்சு தெரிந்தது. அந்த விரலில் அக்கா ஒரு மோதிரம் போட்டிருந்தாள். கல் கொஞ்சம் தூக்கலாக நிற்கிற மோதிரம், எந்தத் துணியைத் தொட்டாலும் நூலை இழுத்துவிடும். சின்னவள் தன் முதல் சம்பாத்தியத்தில் வாங்கிக் கொடுத்தது. வீக்கத்தில் கழற்ற முடியாமல் டாக்டர் அதை வெட்டி எடுத்ததாகப் போன வாரம்தான் அக்கா போனில் சொன்னாள்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தொங்கியவளை வண்டி இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. சின்னவள் விளக்கைத் தாழ்த்தினாள். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்கா 'வேண்டாம்' என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அலமாரியில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று மஞ்சளாக, வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும் மெழுகு. எண்ணெய்ப் பசை அதிகம், சின்னக் கீறலையெல்லாம் நிரப்பிக் கண்ணை ஏமாற்றிவிடும். ஆனால் நாலு மழைக்குத் தாங்காது. மற்றது தண்ணீராக இருக்கும். வெயிலுக்கும் மழைக்கும் ஒரு வருஷம் அசையாது, ஆனால் எதையும் மறைக்காது. அடியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே பூட்டி வைக்கும். சின்னவள் கை மஞ்சள் டப்பா வரைக்கும் போனது. பிறகு அடுத்ததை எடுத்தது.

பானெட்டில் தடவி, வெள்ளையாகப் படிந்ததும் துடைத்தாள். கூரை, அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று வந்தாள். மெல்லிசாகப் போட வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள், கடைசிக் கதவில் மட்டும் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு கொட்டி அப்பிவிட்டாள். கைப்பிடிக் குழி முழுக்க மெழுகு வழிந்தது.

அவன் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். வெள்ளைப் படலத்துக்கு அடியிலும் அந்த ஆழமான கோடு தெரிந்தது.

"என்னடி இது? தெரியுதே!"

"ஒரு வருஷம் நிக்கிறது எதையும் மறைக்காது அத்தான். மறைக்கிறது நிக்காது. ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்."

"மறைன்னு சொன்னேன்ல?"

"நாய்க்கு மோதிரம் யாரு போட்டுவிட்டாங்க?"

அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. காது அடைத்துவிட்டது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப்போய் அவள் முகத்தை பானெட்டில் மோதினான். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. மறுபடியும் மோதினான். "அவளுக்குக் கத்துக் கொடுக்கறது நீதானா? நீதானா?" என்று ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு கேள்வி. ரத்தம் கறுப்புப் பெயின்ட்டில் பரவாமல் முத்து முத்தாக உருண்டு நின்றது. மெழுகு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. தொழில் புத்தி எங்கே போகும்! அதற்குள் அவன் விரல்கள் கழுத்துக்கு வந்துவிட்டன. பிடி இறுகியது. மூச்சு நின்று, கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

மெஷின் உறுமியது. தண்ணீர்த் துப்பாக்கியை இடது கையால் மாரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். சேற்றைப் பெயர்த்தெடுக்கிற தண்ணீர் அது. அவன் முகத்தில் நேராக அடித்தாள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறி, பின்னால் சரிந்து, வாளிகளோடு உருண்டான். அவள் விடவில்லை. கிட்டே போய், காதிலும் வாயிலும் அடித்தாள். வாழ்க்கையில் ஒரு ஈயைக்கூட அதட்டாதவள் அவள்.

"அக்கா, போதும், வண்டியில ஏறு!"

சாவி வண்டியிலேயே இருந்தது. சின்னவள் கிளப்பினாள். அக்கா பக்கத்தில் விழுந்து கதவைச் சாத்திப் பூட்டவும், அவன் எழுந்து ஓடி வரவும் சரியாக இருந்தது. ஒரு கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. கைப்பிடிக் குழிக்குள் நாலு விரலையும் விட்டுப் பிடித்தான். "இறங்குடி! உன்னைக் கொல்லாம விடமாட்டேன்!" என்று கண்ணாடியில் குத்தினான். வண்டி வாசலைத் தாண்டியது. அவனும் கூடவே ஓடினான். பிடி நிற்கவில்லை. மெழுகில் விரல்கள் வழுக்கி, கதவெல்லாம் இழுபட்டு, அவன் ரோட்டில் முகம் குப்புற விழுந்தான்.

சின்னவள் பிரேக் போட்டாள். கண்ணாடியில் பார்த்தாள். அவன் கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தான். ரோட்டில் வேறு வண்டி இல்லை. வாயெல்லாம் ரத்தச் சுவை. அவள் கை தானாகக் கியருக்குப் போய் ரிவர்ஸ் போட்டது. ஒரே மிதி, அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். மிதிக்க ஆசையாக இருந்தது, அவ்வளவு ஆசையாக இருந்தது.

அக்கா அவள் கைமேல் தன் கையை வைத்தாள்.

"வேணாம்டி. நான் விழுந்ததும் அவன் இதைத்தான் போட்டான்."

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கியரைப் பிடித்த பிடியைத் தளர்த்தினாள்.

"உருண்டு சாக்கடைக்குள்ள விழுந்தேன். அதான் தப்பிச்சேன்," என்றாள் அக்கா. "முன்னாடி போ."

சின்னவள் கியரை மாற்றினாள். கண்ணீரும் மூக்கும் ரத்தமுமாக எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பாதி வழியில் அக்கா கேட்டாள்: "அவன் வண்டியைத் திருடிட்டாடி போறோம்?"

"மெழுகு காயல. காய வைக்கக் கொண்டுபோறோம்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்து, ஸ்டேஷன் வாசல் வரைக்கும் நிறுத்தவில்லை.

அதே போலீஸ்காரம்மா வெளியே வந்தாள். கிழிந்த உதட்டையும் மாவுக்கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பதுபோலச் சலிப்போடு கேட்டாள்: "இந்தத் தடவை எங்கம்மா வழுக்கிச்சு?"

அக்கா வண்டிப் பக்கம் திரும்பினாள். தங்கையின் இடுப்பில் செருகியிருந்த துணியை உருவிக்கொண்டு கதவருகே போனாள். காய்ந்த வெள்ளை மெழுகில் அவன் விரல்கள் இழுபட்ட தடங்கள் இருந்தன. இடது கையால் அழுத்தி ஒரு துடை துடைத்தாள். அவன் தடங்கள் துணியோடு வந்துவிட்டன. அடியில் நாலு கோடுகள் பளபளவென்று தெரிந்தன.

மாவுக்கட்டுக்கு வெளியே இருந்த வீங்கின விரல்களை ஒவ்வொன்றாக அந்தக் கோடுகள் மேல் வைத்தாள். வலித்தது, முகம் சுருங்கியது. ஆனால் கையை எடுக்கவில்லை.

"வழுக்கல," என்றாள் அக்கா. "எழுதிக்கோங்க. நான் ஒரு தடவைகூட வழுக்கல."