மார்மலேடுக்கு ஒரு ஜோடி

பாம்பு வளர்க்கும் நண்பன் கிளைவ் இரவல் கொடுத்த ஆண் மலைப்பாம்பு ஒரு தலையணை உறைக்குள் சுருண்டு, சாப்பாட்டு மேசையில் ரொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

"மாப்பிள்ளை வந்தாச்சு," என்றான் ரஸ்ஸல்.

"உன் மாப்பிள்ளைய முதல்ல மேசையிலேர்ந்து எடு. அங்கதான் எல்லாரும் சாப்பிடணும்," என்றாள் அவன் மனைவி க்வெண்டா. பூசணியை அடுப்புக்குள் தள்ளிவிட்டுத் திரும்பியபோது அவன் உறையைத் தரைக்கு இறக்கிக்கொண்டிருந்தான். அவன் தோள் ஒரு பக்கம் வெட்டி இழுத்தது. பாம்புக்கு அடிபடாமல் இறக்க அவன் பட்ட பாட்டைப் பார்க்காததுபோல் அவள் அடுப்பைத் துடைத்தாள்.

ஆஸ்திரேலியாவின் மக்கே ஊர்ச் சர்க்கரை ஆலையில் இயந்திரம் பழுதுபார்த்தவன் ரஸ்ஸல். அவன் அப்பாவைக் கொண்டுபோன நோய் விரல்களில் ஆரம்பித்து, இப்போது கை கால் எதுவும் அவனைக் கேட்டு அசைவதில்லை. போன அரவைப் பருவத்தோடு ஆலை அவனை வீட்டுக்கு அனுப்பியது. அதன்பிறகு அவனுக்குப் பகலெல்லாம் பின்னறையின் கண்ணாடிப் பெட்டிதான், அதற்குள் இருக்கும் பெண் மலைப்பாம்பு மார்மலேட்தான். ஆரஞ்சுத் தோலைக் காய்ச்சி ஊற்றியது போன்ற நிறம். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த நிறத்தோடு ஒரு கோளாறும் அதன் ரத்தத்தில் சேர்ந்தே வந்திருந்தது. தலை நிற்காது. ஆடும், சிலசமயம் திருகி மேலே பார்க்கும். எலியைக் கொத்தப் போய்க் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும்.

"முட்டை பொரியறத ஒரு தடவ பாக்கணும், க்வெண்டா. இந்தக் குளிர்ல சேத்து விட்டாத்தான் உண்டு. அடுத்த வருஷம் இந்தக் கையால முட்டைய எடுக்க முடியுமோ என்னமோ."

"பொரிஞ்சப்புறம்? தலை நிக்காத குட்டிய என்ன பண்ணுவ?"

"எல்லாத்துக்குமா வரப்போகுது? பாதிக்குத்தான் வரும். பாதி நல்லாவே இருக்கும்."

க்வெண்டா துணியைக் கீழே வைத்தாள். "அந்தப் பேச்ச டீகன் முன்னால எடுக்காத."

"எடுக்கட்டும்மா," என்றது மகளின் குரல். டீகன் கொசுவலைக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

டீகனுக்கும் மருத்துவர் சொன்ன கணக்கு அதேதான். அப்பாவின் நோய் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். அவள் கொடுக்கவில்லை. கல்யாணமான பிறகு குழந்தையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அவள் நேராகப் பின்னறைக்குப் போனாள். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். விளக்கின் சூட்டில் மார்மலேட் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு வலிக்குமாப்பா?"

"தெரியலடா. சும்மா படுத்திருக்கறப்போ சுகமாத்தான் இருக்கு. பசி எடுத்தாத்தான் பாவம்."

டீகன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டாள். "உனக்கு வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்னைப் பெத்திருப்பியா?"

"டீகன்!" என்றாள் க்வெண்டா.

ரஸ்ஸல் நாற்காலியில் உட்கார்ந்தான். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"எங்கப்பாவுக்கு வந்தப்போ அதுக்குப் பேரே யாருக்கும் தெரியாது. குடிச்சிட்டு ஆடறான்னு ஊரே சொல்லிச்சு. தெரிஞ்சிருந்தா..." நிறுத்தினான். "பெத்திருக்க மாட்டேன்னுதான் நெனைக்கிறேன். தெரியாமப் போச்சேன்னு தெனமும் சந்தோஷப்படறேன். அப்படிச் சந்தோஷப்படறது சரியான்னு எனக்குத் தெரியல."

டீகன் அழவில்லை. "பொய் சொல்லுவியோன்னு பயந்தேன்," என்றாள்.

பிறகு ரஸ்ஸல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இது விஷயத்துல நமக்குத் தெரியுமே. வேண்டாம். மாப்பிள்ளைய கிளைவ் வீட்டுல விட்டுட்டு வந்துடலாம். டீகன், நீ வண்டி ஓட்டறியா?"

இதைச் சொல்ல மாட்டானா என்றுதான் க்வெண்டா நாள்கணக்கில் ஏங்கியிருந்தாள். இப்போது கேட்டதும் மகளின் முகத்தைப் பார்த்தாள். அவன் பாம்புக்குச் சொன்ன 'வேண்டாம்' மகளின் காதில் எப்படி விழுந்ததோ. "சாப்பிட்டுப் போங்களேன்," என்றாள். அதற்குள் இருவரும் வாசலுக்குப் போயிருந்தார்கள்.

வெளியே யாரோ அறுவடைக்கு முன்பாகக் கரும்புக்காட்டுக்குத் தீ வைத்திருந்தார்கள். கருகிய தோகைத் துணுக்குகள் காற்றில் மிதந்து வந்து காரின்மேல் இறங்கின. க்வெண்டா படியிலேயே நின்றாள். ரஸ்ஸல் முன்னிருக்கையில் தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டான். அவன் முழங்கால் துள்ளத் துள்ள உறையும் துள்ளியது. டீகன் வண்டியைக் கிளப்பினாள். ஆனால் நகர்த்தவில்லை. எட்டி, உள்ளங்கையை அப்பாவின் முழங்கால்மேல் வைத்தாள். அது கையோடு சேர்ந்து ஆடியது. அவள் அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க, முன்கண்ணாடியில் கரி ஒவ்வொன்றாக வந்து ஒட்டியது.