கடல் ஏறும் நேரத்தில் டெர்வேலா

1.

இந்தக் கதை என்னுடையதில்லை. நான் குடியேறிய இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், மீன் செதில் உரசிக்கொண்டே கெரென்சா என்ற மீன்காரி பாதி சொன்னாள். மீதியைக் கேட்டபோது, "அவ்வளவுதான் இருக்கு. நீதான் எழுதறவளாச்சே, மிச்சத்த நீயே பாத்துக்கோ" என்று கத்தியைக் கழுவப் போய்விட்டாள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'முன்னொரு காலத்தில் பேரழகி ஒருத்தி, நிலவைப் போல...'

அடித்துவிட்டேன். அன்று அவள் அழகைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. கடல் ஏறிக்கொண்டிருந்தது.

2.

டெர்வேலா அயர்லாந்துக்காரி. இரண்டு கரைக்கும் நடந்த வெட்டுக்குத்தை நிறுத்த, அவள் அப்பா அவளை கார்ன்வால் கோட்டைத் தலைவன் கோர்வனுக்குக் கட்டிவைத்தார். அதற்கு முன் அவள் மனதில் இருந்தவன் ஃபெர்கல். கோர்வனின் தம்பியை வெட்டியவனும் அவன்தான்.

புயலில் உடைந்த ஐரிஷ் படகிலிருந்து மூன்று பேர் கரை ஒதுங்கினார்கள். நரைத்த தாடிக்காரன் ஒருவன், கால் ஒடிந்தவன் ஒருவன், ஃபெர்கல். கடல் உள்வாங்கியிருந்த மணலில் கம்பம் நட்டு, அது திரும்ப ஏறும்போது மூழ்கட்டும் என்று மூவரையும் கட்டினார்கள். பாறைமேல் கோர்வன் மனைவியைக் கூட்டிவந்து நிறுத்தினான்.

"இவங்கள்ல ஒருத்தன் என் தம்பியக் கொன்னவன். எவன்னு சொல்லு. உங்க ஊர் மூஞ்சி உனக்குத் தெரியாதா? மத்த ரெண்டு பேர விட்டுடறேன்."

"சொல்லலைன்னா?"

"மூணு பேரும் போவாங்க."

நீர் அவர்கள் முழங்காலைத் தாண்டியது.

3.

(இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம். 'அவன்தான்' என்று சொல்லியிருந்தால் இரண்டு உயிர் பிழைத்திருக்குமே? ஒரு வரைவில் சொல்லவைத்தேன். அது அவள் குரலாக இல்லை. இன்னொன்றில் தாடிக்காரனைப் பொய்யாகக் காட்டினாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுத எனக்குக் கை வரவில்லை.)

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கம்பங்களைப் பார்க்கவே இல்லை. அவள் கண் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருன்னு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்" என்றாள்.

"எனக்குத் தெரிய வேண்டியது அது இல்ல."

4.

பக்கத்தில் நின்ற காவலாளியின் இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு அவள் குதித்தாள். ஆட்கள் பாய்ந்தார்கள். கோர்வன் கையை உயர்த்தினான்.

"விடுங்கடா. எவன் கயித்த அவ மொதல்ல அறுக்கறான்னு பாப்போம்."

முதல் கம்பத்தில் ஃபெர்கல். நீர் அவன் நெஞ்சுக்கு வந்திருந்தது. அப்போதும் சிரித்தான்.

"கல்யாணத்துக்குத்தான் கூப்பிடல. இதுக்காவது வந்தியே."

"வாய மூடு. மூச்சப் பிடிச்சு வை."

அவனைத் தாண்டிப் போனாள். தாடிக்காரன் தலையை ஆட்டினான்.

"நான் வாழ்ந்தாச்சு தாயி. அந்தக் கால் ஒடிஞ்ச பையனப் பாரு."

"பேசாம இருங்க."

ஊறிய கயிறு கத்திக்கு மசியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். அவன் விடுபட்டதும் இருவரும் கால் ஒடிந்தவனிடம் நீந்தினார்கள். அவன் கயிறும் அறுந்தது. தாடிக்காரன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைப்பக்கம் இழுத்தான்.

(புருஷனிடம் மனதை மறைக்கவா ஃபெர்கலைக் கடைசியில் வைத்தாள்? அல்லது தன் பழங்கதைக்காகச் சம்பந்தமில்லாத இரண்டு பேர் சாகக்கூடாது என்றா? அவளைக் கேட்டிருப்பேன். அவளுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை.)

பாறைமேல் கோர்வன் எதுவும் தெரிந்துகொள்ள முடியாமல் நின்றான். பிறகு அவள் முதல் கம்பத்தை நோக்கித் திரும்பிய வேகத்தைப் பார்த்தான்.

5.

'கயிறு அறுந்தது, இருவரும் நீந்தி' என்று எழுதினேன். அடித்தேன். 'கயிற்றை விடாமல் அவளும் மூழ்கி' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். 'கோர்வன் தண்ணீரில் குதித்தான்' என்று எழுதினேன். இதை மட்டும் அடிக்க முடியவில்லை. காப்பாற்றவா, தடுக்கவா என்று எழுதவும் முடியவில்லை.

கயிறு பாதி அறுந்திருக்கிறது. நீர் ஃபெர்கலின் கீழுதட்டைத் தொடுகிறது. கழுத்தை எட்டி நீட்டியிருக்கிறான். பின்னால் கோர்வன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும் சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கையை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த வரி உங்களுடையது. எதுவானாலும் எழுதுங்கள். ஆனால் சீக்கிரம்.